ஒரே வீட்டு இரண்டு சோமு

காளீஸ்வரி, வயது 44, கணவர் பெயர் மாயக்கண்ணன், குடியிருப்பு காரைக்குடி செக்காலை ரோட்டுக்குப் பின்புறத் தெரு. என் மீது கொடுக்கப்பட்ட மனு தொடர்பாக இன்று வியாழக்கிழமை பிற்பகல் காரைக்குடி நகரக் காவல் நிலையத்துக்கு நானாகவே வந்து, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொல்லும் வாக்குமூலம்.

நான் பி.காம். படித்தவள். காரைக்குடியில் உள்ள மங்கல வளவு என்ற விழா ஏற்பாட்டு நிறுவனத்தில் விழாப் பிரிவு மேலாளராக வேலை பார்த்து வருகிறேன். கல்யாணம், மணிவிழா எதுவானாலும் பாத்திரம், பந்தல், சமையல், பரிமாறும் ஆள் வரைக்கும் எங்கள் நிறுவனம் ஏற்பாடு செய்து கொடுக்கும். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நகரத்தார் குடும்பங்கள் சொந்த ஊர் வீட்டுக்கு வந்து விழாவை நடத்திவிட்டுத் திரும்பும்வரை ஒரு கரண்டியைக்கூடத் தேடக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அதை நான் நன்றாகவே பார்த்து வருகிறேன். இதை எழுதிக்கொண்டிருக்கும் காவலர், "இது வேணுமாம்மா?" என்று கேட்டார். வேண்டும் என்று சொன்னேன்.

எங்கள் நிறுவனத்தின் கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவர் கார்த்திகேய சிவம் கொடுத்த மனு எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. நான் வேடமிட்டு அவருடைய பிரிவுக்குள் அத்துமீறி நுழைந்ததாகவும், வாடிக்கையாளர் விவரங்கள் அடங்கிய லேப்டாப்பைத் திருடியதாகவும், அங்கே வேலை பார்க்கும் சத்தியப்பிரியாவை மிரட்டி வேனில் கடத்தியதாகவும், அந்தப் பெண்ணும் இதற்கு உடந்தையாக இருந்ததாகவும் அதில் எழுதியிருக்கிறது. கடத்தப்பட்டவளே உடந்தையாகவும் இருப்பது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. லேப்டாப்பும் சத்தியப்பிரியாவும் என்னோடு வந்தது உண்மை, மற்றவை உண்மையல்ல. எனக்கு என்ன ஆனாலும் நான் பார்த்துக்கொள்வேன். அந்தப் பெண் செய்யாத குற்றத்துக்கு அவள் வேலை போகக் கூடாது, அவள் பெயரில் வழக்கு வரக் கூடாது. அதற்காகவே நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன்.

எங்கள் அலுவலகத்தில் கீழ்த்தளத்தில் விழாப் பிரிவும், பின்னால் சாமான் வைக்கும் கிட்டங்கியும் சமையல் கூடமும், மாடியில் கம்ப்யூட்டர் பிரிவும் உள்ளன. மாடியில் கண்ணாடிக் கதவு போட்டிருக்கிறார்கள். அவர்கள் பிரிவு ஆட்களின் விரல் பட்டால் மட்டுமே அது திறக்கும். கீழே இருக்கும் எங்களுக்கு ஏதாவது வேண்டுமென்றால் நேரில் கேட்கக் கூடாது, டிக்கெட் என்று ஒன்றைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கிட்டங்கியிலிருந்து எந்தச் சாமான் வெளியே போவதானாலும் அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து சீட்டு வர வேண்டும், விழா அதில் இல்லையென்றால் சீட்டும் இல்லை. நான் சேர்ந்த நாளிலிருந்து மாடிக்காரர் யாரும் ஒரு பந்தியையாவது வந்து பார்த்ததில்லை. கீழே இருப்பவர்களும் மாடியில் என்ன வேலை நடக்கிறது என்று கேட்டதில்லை. அவர்களை நாங்கள் கண்ணாடிப்பெட்டிக்காரர்கள் என்று கேலி பேசிவந்தோம், அவர்கள் எங்களை என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது.

போன மாதம் கம்ப்யூட்டர் பிரிவு, ஒரே ஆள் பலமுறை பதிவாகியிருப்பதாகக் கண்டுபிடித்து, அப்படிப்பட்ட பதிவுகளையெல்லாம் ஒன்றாக்கியது. பெயரும் முகவரியும் போன் எண்ணும் ஒன்றாக இருந்தால் ஆளும் ஒன்று என்பது அவர்கள் கணக்கு. அதற்கு மேலிடத்தில் பாராட்டும் கிடைத்தது. எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதில் கொத்தமங்கலத்தில் உள்ள ஒரு வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது ஒரே வீடு, ஒரே கதவு எண். ஆனால் அண்ணன் தம்பி வழியில் வந்த பல குடும்பங்களுக்கு அதில் பங்கு உண்டு. முற்றத்தைச் சுற்றி ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு பூட்டு. அப்பாவைப் பெற்ற அய்யாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பது அவர்கள் வழக்கம் என்பதால், பெரியப்பா மகனுக்கும் சோமு என்று பெயர், சித்தப்பா மகனுக்கும் சோமு என்று பெயர். ஒருவர் கோயம்புத்தூரில் இருக்கிறார், மற்றவர் பினாங்கில் இருக்கிறார். எங்கள் பிரிவில் அவர்களைக் கோயம்புத்தூர் சோமு, பினாங்கு சோமு என்றுதான் சொல்வோம். ஆனால் கம்ப்யூட்டரில் சோமு என்று மட்டும் அடித்துவைத்தோம், ஆளைத் தெரியும் என்ற திமிர். போன் எண் கேட்கும் இடத்தில் இருவருக்கும் அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளும் தங்கச்சாமியின் எண்ணைப் போட்டோம், கதவைத் திறந்துவிடுபவர் அவர்தான் என்பதால். எல்லா ஊர் வீட்டுக்கும் இப்படியே செய்து வருகிறோம்.

கோயம்புத்தூர் சோமு தன் மணிவிழாவைக் கொத்தமங்கலத்தில் வைத்துக்கொள்ளப் பதிவு செய்திருந்தார். பினாங்கு சோமு தன் மகள் சௌபர்ணிகாவின் கல்யாணத்துக்குப் பதிவு செய்திருந்தார். நான் திருப்பத்தூரில் என் தங்கை வீட்டு விசேஷத்துக்காக விடுப்பில் இருந்தபோது, கோயம்புத்தூர் சோமு போன் செய்து, மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து கால் முறிந்துவிட்டது, மணிவிழாவைத் தள்ளிவைத்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருக்கிறார். எங்கள் பிரிவில் இருந்த பெண், சோமு என்ற பெயரைத் தேடி ரத்து செய்திருக்கிறாள். சோமு என்று ஒரே ஒருவர்தான் அதில் இருந்தார். அவரோடு சேர்ந்து சௌபர்ணிகாவின் கல்யாணமும் ரத்தாகிவிட்டது. அந்தப் பெண்ணின் மேல் தப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நேற்று புதன்கிழமை காலை நான் விடுப்பு முடிந்து அலுவலகம் வந்து உட்கார்ந்தபோது, தங்கச்சாமி போன் செய்து, "என்னம்மா, அடுப்புக்காரன் வரலை, பாத்திரம் வரலை, வாழைமரங்கூட வந்து எறங்கலை. பொண்ணு வீட்டுக்காரவுக அம்புட்டுப் பேரும் வந்துட்டாக. நீங்க இங்குட்டு வாரீகளா இல்லையா?" என்று கேட்டார். அதன் பிறகு நான் கம்ப்யூட்டரில் பார்த்தபோது வியாழக்கிழமைக்குக் கொத்தமங்கலத்தில் எந்த விழாவும் இல்லை. எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. கல்யாண வீட்டில் முதல் நாள் மதியத்துக்குள் அடுப்புப் பற்றவைத்தால்தான் சாயங்காலம் வரும் உறவுக்குச் சாப்பாடு போட முடியும். அதன் பிறகு சமையல் மாஸ்டர் வீரையாவைக் கூப்பிட்டேன். அவர், "நாளைக்கு ஒண்ணும் இல்லைன்னுல போட்டிருக்கு. நான் மச்சினன் வீட்டுக்குக் கெளம்பிக்கிட்டு இருக்கேன்" என்றார். கிளம்பினால் காலை ஒடித்துவிடுவேன் என்று நான் சொன்னது உண்மை. அது மிரட்டல் அல்ல, வீரையாவையே கேட்டுக்கொள்ளலாம்.

அதன் பிறகு கிட்டங்கிக்குப் போய்ப் பொறுப்பாளர் சேவுகப்பெருமாளிடம் சாமானை ஏற்றச் சொன்னேன். அவர் சீட்டுக் கேட்டார். சீட்டுக்காக மாடிக்குப் போனேன். கண்ணாடிக் கதவைத் தட்டினேன். உள்ளே கார்த்திகேய சிவம் காதில் மாட்டியதைக் கழற்றாமல், கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கையால் காட்டினார். கோரிக்கைகளை டிக்கெட்டாக மட்டும் பதிவு செய்யவும் என்று அதில் இருந்தது. அங்கேயே நின்று போனில் டிக்கெட் போட்டேன். மூன்று வேலை நாட்களுக்குள் பதில் வரும் என்று உடனே பதில் வந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கதவை ஒரு மிதி மிதித்திருக்கலாம், மிதிக்கவில்லை.

அப்போது அலுவலகத்தில் டீ கொடுக்கும் முத்தழகு தட்டோடு மாடிக்கு வந்தாள். அவளைக் கண்டதும் உள்ளேயிருந்து ஒருவர் எழுந்துவந்து கதவைத் திறந்தார். டீக்கு டிக்கெட் தேவையில்லை என்பது எனக்கு நேற்றுதான் தெரிந்தது. நான் முத்தழகின் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். வேடமிட்டு நுழைந்ததாக மனுவில் சொல்லியிருப்பது இதைத்தான். நான் வேடம் எதுவும் போடவில்லை, கட்டியிருந்த சேலையோடுதான் போனேன். எல்லாருக்கும் டீயும் கொடுத்தேன், கார்த்திகேய சிவமும் வாங்கிக் குடித்தார்.

அதன் பிறகு அவர், "மேடம், நீங்க இங்க வரக் கூடாது. டிக்கெட் போட்டீங்களா?" என்று கேட்டார்.

நான், "போட்டேன் சார். பதில் மூணு நாள் கழிச்சு வருமாம். கல்யாணம் நாளைக்கு" என்றேன்.

நடந்ததை நான் சொல்லச் சொல்ல, மூலையில் இருந்த சத்தியப்பிரியா தன் லேப்டாப்பில் தேடிப் பார்த்துவிட்டு, "அக்கா, இந்த சோமு ஒருத்தர் இல்லையா?" என்று கேட்டாள். இரண்டு பேர், இருவருக்கும் அய்யா ஒருவரே என்றேன். அவள் முகம் வெளிறிப்போனது. பதிவுகளை ஒன்றாக்கியதில் அவளுக்கும் பங்கு இருந்திருக்கிறது.

கார்த்திகேய சிவத்தைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அவர் கெட்டவர் அல்ல. போன வருடம் கணக்குப் பிரிவு ஆள் ஒருவர் மாடிக்குப் போய் ஒரு கம்ப்யூட்டரில் கைவைத்து ஒரு மாத விவரத்தை அழித்துவிட்டார், அதை மீட்க இவர் வாரக்கணக்கில் வீட்டுக்குப் போகாமல் கிடந்தார். அதன் பிறகுதான் கண்ணாடிக் கதவு வந்தது. எந்த மாற்றமும் ஞாயிற்றுக்கிழமை மட்டுமே, அதுவும் முதலாளியின் அனுமதியோடு மட்டுமே செய்யலாம் என்பது அவர் போட்ட விதி. அனுமதி கேட்க முதலாளிக்குப் போன் போட்டார். முதலாளி விமானத்தில் இருந்தார், போன் கிடைக்கவில்லை. மறுபடி மறுபடி போட்டுக்கொண்டே இருந்தார்.

அப்போது சத்தியப்பிரியா, ஒன்றாக்குவதற்கு முந்தைய பிரதி ஒன்று தன் லேப்டாப்பில் இருக்கிறது என்றும், அதைச் சீட்டாக மாற்ற முடியாது, ஆனால் வாசிக்கலாம் என்றும் சொன்னாள். ஆனால் அதிலும் ஒரு சிக்கல். இரண்டு விழாவின் சாமானும் பலகாரமும் ஒரே பெயரில் கலந்துகிடந்தன, எது மணிவிழாவுக்கு, எது கல்யாணத்துக்கு என்று அவளால் பிரிக்க முடியவில்லை. எனக்கோ அந்தப் பிரதியைத் திறக்கவே தெரியாது. இருவரும் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒழிய வேலை நடக்காது, உட்கார்ந்து பார்க்க நேரமும் இல்லை. அவளே லேப்டாப்பின் வயரைப் பிடுங்கிச் சுற்றிக்கொண்டு, "சார், நான் அக்கா கூடப் போறேன். வாசிக்கிறதுக்கு மட்டுந்தான், எதையும் மாத்த மாட்டேன்" என்று கார்த்திகேய சிவத்திடம் சொன்னாள். போனைக் காதில் வைத்திருந்த அவர் கையை உயர்த்தினார். சரி என்று சொல்கிறார் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். பொறு என்று காட்டியதாக அவர் இப்போது சொல்கிறார். எங்களுக்குப் பொறுக்க நேரம் இல்லை.

அதன் பிறகு கிட்டங்கிக்குப் போய், சாமான் முழுவதும் என் பொறுப்பு என்று கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். சேவுகப்பெருமாள் அதை வாங்கிக்கொண்டு, "சீட்டில்லாம ஒரு கரண்டி போனாலே எனக்கு மெமோ வருங்க்கா, நீங்க அண்டாவையே கேக்குறீக" என்று சொன்னபடியே பூட்டைத் திறந்துவிட்டார். பாத்திரத்தோடும் வீரையாவின் ஆட்களோடும் ஒரு வேன் முன்னால் போனது. பின்னால் போன வேனில் சத்தியப்பிரியா எனக்கும் டிரைவருக்கும் நடுவில் மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்துகொண்டாள். கடத்தல் என்று மனுவில் சொல்லியிருப்பது இந்தப் பயணத்தைத்தான்.

வழி நெடுக அவள் ஒவ்வொரு வரியாக வாசித்தாள், எது எவருடையது என்று நான் சொன்னேன், அதைக் கிட்டங்கிக்கும் மளிகைக் கடைக்கும் போனில் சொல்லிக்கொண்டே போனோம். கவுனி அரிசி என்றாள், கல்யாணத்துக்கு என்றேன். சர்க்கரை இல்லாத பாயசம் என்றாள், அது கோயம்புத்தூர்க்காரருக்கு, அவருக்குச் சர்க்கரை வியாதி என்றேன். "இதெல்லாம் எதுலக்கா இருக்கு?" என்று கேட்டாள். என் தலைக்குள் இருக்கிறது என்றேன். "நீங்க ஒரு வாரம் லீவு போட்டதுக்கே இந்தக் கதி. இதையெல்லாம் கேட்டு வாங்கி வைக்க கம்ப்யூட்டர்ல ஒரு எடம் போட்டுத் தந்தா நீங்க அடிச்சு வைப்பீகளா?" என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் மாடியிலிருந்து எங்களிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, உறைக்கவும் செய்தது.

கொத்தமங்கலம் வீட்டில் இறங்கியதும் சத்தியப்பிரியா முற்றத்தில் நின்று சுற்றிலும் இருந்த அறைகளையும் பூட்டுகளையும் பார்த்தாள். "ஒரு முகவரின்னா ஒரு குடும்பம்னு நெனைச்சேன்க்கா. இது ஒரு தெரு" என்றாள். அதற்குள் பினாங்கு சோமு வந்துவிட்டார். என்ன நடந்தது என்பதை அவரிடம் நான் மறைக்கவில்லை. அவர், "எம்மக கல்யாணத்த அழிச்சுப்புட்டு வந்து நிக்கிறீகளா?" என்று சத்தம் போட்டார். கல்யாணப் பெண் சௌபர்ணிகா அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. சாயங்காலம் முதல் பந்தி உட்காரும் அண்ணே, உட்காராவிட்டால் என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்று சொன்னேன்.

பங்காளி வீட்டுக் கல்யாணம் என்பதால் கோயம்புத்தூர் சோமுவும் முதல் நாளே வந்திருந்தார். சத்தியப்பிரியா கொஞ்சமும் தயங்காமல் இரண்டு சோமுவையும் எதிரெதிரே உட்காரவைத்து, சந்தேகமாக மிச்சமிருந்த வரிகளை ஒவ்வொன்றாகக் கேட்டாள். இளநீர்ப் பாயசம் யார் சொன்னது என்று கேட்டபோது இருவருமே கையைத் தூக்கினார்கள். அதுவரை கொதித்துக்கொண்டிருந்த பினாங்கு சோமுவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "எங்க ரெண்டு பேத்தையும் எங்க அய்யா உசுரோட இருந்தப்பவே மாத்தி மாத்தித்தான் கூப்பிடுவாரு. ஒங்க மிசினு என்ன செய்யும்?" என்றார் கோயம்புத்தூர் சோமு. பினாங்கு சோமுவின் மனைவி சத்தியப்பிரியாவிடம், "நீ சாப்புட்டியாத்தா?" என்று கேட்டார். அவள் காலையிலிருந்து சாப்பிட்டிருக்கவில்லை. நானும் அதைக் கேட்கத் தோன்றாமல் இருந்துவிட்டேன்.

அதன் பிறகு வீரையா அடுப்பைப் பற்றவைத்தார். சாயங்காலம் முதல் பந்தி உட்கார்ந்தது. சாம்பாரில் உப்புக் கொஞ்சம் தூக்கல் என்று ஒருவர் சொன்னார், மற்றபடி எந்தக் குறையும் இல்லை. சத்தியப்பிரியா தன் வீட்டுக்குப் போன் செய்து, கல்யாண வீட்டில் தங்குகிறேன் என்று அவளே சொன்னாள். கடத்தப்பட்ட பெண் தன் அம்மாவிடம் கும்மாயம் என்ற உளுந்து இனிப்பை எப்படிக் கிண்டுவது என்று போனில் சொல்லிக்கொண்டிருந்ததைத் தங்கச்சாமியும் கேட்டிருக்கிறார்.

இன்று காலை முகூர்த்த நேரத்தில் இந்த நிலையத்திலிருந்து எனக்குப் போன் வந்தது. மனு வந்திருக்கிறது, உடனே வரவும் என்றார்கள். தாலி கட்டும் திருப்பூட்டு முடிந்து கடைசிப் பந்தி எழுந்ததும் வருகிறோம் என்று சொன்னேன், அதன்படியே வந்தோம். லேப்டாப்பை நாங்களே கொண்டுவந்து ஒப்படைத்தோம். சத்தியப்பிரியா எதையும் மாற்றவில்லை, அழிக்கவில்லை, யாருக்கும் அனுப்பவில்லை. அவளை நான் மிரட்டவில்லை. வேலை தெரிந்த ஒருத்தி, வேலை நடக்க வேண்டிய இடத்துக்கு என்னோடு வந்தாள், அவ்வளவுதான்.

கார்த்திகேய சிவமும் இங்கே வரவழைக்கப்பட்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறார். சார்பு ஆய்வாளர் அவர்கள் கேட்டபோது, இனிமேல் கம்ப்யூட்டர் பிரிவுக்குள் காலடி வைக்க மாட்டேன் என்று நான் எழுதிக் கொடுத்தால் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக அவர் சொன்னார். அப்படி எழுதிக் கொடுத்தால் சத்தியப்பிரியாவுக்கும் பிரச்சினை இல்லை என்பதால் நான் அரை மனதோடு தலையாட்டினேன், காவலரும் அந்த வரியை எழுதிவிட்டார். வெளியே பெஞ்சில் இருந்த சத்தியப்பிரியாவிடம் இதைச் சொன்னேன். அவள், "என் வேலைக்காக அத எழுதிக் குடுத்துறாதீகக்கா. ஒன்னாக்குன பேரு இன்னும் நெறைய கெடக்கு. அதையெல்லாம் நான் ஒருத்தியா எப்படிப் பிரிக்கிறது?" என்றாள்.

அதன் பிறகு நான் உள்ளே வந்து கார்த்திகேய சிவத்திடம், வருகிற முகூர்த்தத்துக்கு நெற்குப்பை என்ற ஊரில் ஒரு வீட்டில் கல்யாணம் இருக்கிறது, அந்த விழா கம்ப்யூட்டரில் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் தன் போனில் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். இல்லை என்றார். பிறகு தாழ்ந்த குரலில், "அந்த வீட்ல அதே பேர்ல எத்தனை பேர் மேடம்?" என்று கேட்டார். உட்கார்ந்து பேசினால் சொல்கிறேன், உங்கள் அறையிலேயே உட்காரலாம் என்றேன். மனுவைத் திரும்பப் பெறுகிறேன் என்று அவர் இதுவரை சொல்லவில்லை.

சத்தியப்பிரியாவின் மீது நடவடிக்கை எதுவும் வேண்டாம் என்றும், நடவடிக்கை உண்டு என்றால் அது என் ஒருத்தி மீது மட்டும் இருக்க வேண்டும் என்றும், லேப்டாப்பை இன்றே அவளிடம் திருப்பித் தர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொன்னபடியே எழுதப்பட்ட இந்த வாக்குமூலத்தை எனக்கு முழுவதும் படித்துக் காட்டினார்கள். என் அறிவுக்கு எட்டியவரை இதில் உள்ளது அத்தனையும் உண்மை. "இனிமேல் கம்ப்யூட்டர் பிரிவுக்குள் காலடி வைக்க மாட்டேன்" என்று எழுதியிருந்த ஒரு வரியை மட்டும் என் முன்னிலையில் அடிக்கச் சொன்னேன். அடித்தார்கள். அடித்த இடத்துக்குப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்) மா. காளீஸ்வரி